மொராக்கோவுக்கு எட்டுப் பேரு கிளம்புறோம், ஏஜென்ட் குடுத்த பிளான் சரியா வருமா?

ரேஸ்கோர்ஸ் வாக்கர்:

வணக்கம் மக்களே. ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுல காலைல நடக்குற செட்டு நாங்க, நடக்குறதை விட டீக்கடைல உக்காந்து பேசுறதுதான் ஜாஸ்தி. அப்படிப் பேசிப் பேசியே மொராக்கோ போறதுன்னு முடிவாயிருச்சு. மூணு ஜோடி, ரெண்டு தனி ஆளு, மொத்தம் எட்டு. வயசு ஐம்பதுல இருந்து அறுபத்தி ரெண்டு வரைக்கும். தீபாவளி முடிஞ்சு நவம்பர் பாதிக்கு மேல கிளம்பலாம்னு இருக்கோம்.

ஏஜென்ட் 9 நாளுக்கு ஒரு பிளான் அனுப்பிருக்காரு. காசாபிளாங்கா, ரபாத், தாஞ்சியர், ஷெஃப்ஷாவென், ஃபெஸ், மெர்சூகா பாலைவனம், மராக்கேஷ், எசாவிரா, திரும்ப காசாபிளாங்கா. இன்னொரு ஊர்க்காரங்க குரூப்போட சேத்து பெரிய பஸ்ல கூட்டிட்டுப் போவாராம். தனி வண்டி வேணும்னா ரேட்டு கூடும்ங்கிறாரு. எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி, பஸ்ஸு போதும்னு பாதிப் பேரு, தனி வேன்தான்னு பாதிப் பேரு.

ரெண்டு பேரு சுத்த சைவம், அதுல ஒருத்தர் முட்டை வாசம் கூட ஆகாதும்பாரு. ஒரு அக்காவுக்கு முட்டி வலி. நெல்பேட்டை பாய் ஒருத்தரும் செட்டுல உண்டு, சாப்பாட்டுக்கு அவருக்கு அங்க கவலையே இல்ல, ஜாலியா இருக்காரு. போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க, இந்த பிளான் நடக்குற காரியமா?

மேலூர் பங்காளி:

அண்ணே, அந்த பிளானைப் போட்டவரு மேப்பைப் பாத்துப் போட்டிருக்காரு, ரோட்டைப் பாத்துப் போடல. ஃபெஸ்ல இருந்து மெர்சூகா 470 கிலோமீட்டர் கிட்ட வரும். நம்ம மதுரை டு சென்னை தூரந்தான, ஏழு மணி நேரத்துல போயிரலாம்னு நெனச்சிராதீங்க. நடுவுல அட்லஸ் மலை ஏறி எறங்கணும், எட்டு ஒம்போது மணி நேரம் சாதாரணமா ஆகும், சாப்பாடு டீக்கு நிறுத்துனா அதுக்கு மேலதான். அங்கிருந்து மராக்கேஷ் இன்னும் மோசம், 560 கிலோமீட்டர், டிஸி என் டிஷ்கான்னு ஒரு கணவாய் 2260 மீட்டர் உயரத்துல இருக்கு, அதைத் தாண்டித்தான் வரணும். ஒரே நாள்ல இழுத்தா பத்து மணி நேரத்துக்கு மேல வண்டிலயே உக்காந்திருக்கணும், முட்டி வலிக்கார அக்காவை நெனச்சுப் பாருங்க.

இதுல தாஞ்சியர் ஒரு மூலை, எசாவிரா இன்னொரு மூலை. ரெண்டையும் தூக்கிருங்க. மெர்சூகா டு மராக்கேஷை ரெண்டு நாளா பிரிச்சு நடுவுல தாதேஸ் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு ராத்திரி தங்குங்க. தோத்ரா மலைச்சந்து அந்த வழிலதான் இருக்கு, ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி பாறை செங்குத்தா நிக்கும், நடுவுல ஆறு. மறுநாள் ஐத் பென்ஹத்து, மண்ணாலயே கட்டுன பழைய கோட்டை ஊரு, 1987லயே யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்துட்டாய்ங்க, சினிமா எடுக்குறவங்களுக்கு அங்கதான் வேலையே. அதைப் பாத்துட்டு சாயங்காலம் மராக்கேஷ் போய்ச் சேரலாம்.

இன்னொண்ணு, நவம்பர்ல அங்க ஆறேகால் ஆறரைக்கெல்லாம் பொழுது அடைஞ்சிரும். ஃபெஸ்ல காலைல ஏழு மணிக்கு வண்டி எடுக்கலைன்னா மணல்மேட்டுல சூரியன் மறையிறதைப் பாக்க முடியாது, இருட்டுல ஒட்டகத்துல போய் என்னத்தப் பாக்க? நாப்பது பேரு பஸ்ல ஏழு மணிக்கு எல்லாரும் ஏறிருவாங்கன்னு உங்களுக்கு நம்பிக்கை இருக்கா? அதுனால என் ஓட்டு தனி வேனுக்குத்தான்.

டவுன்ஹால்ரோடு தம்பி:

நான் மேலூர் அண்ணன் பேச்சுக்கு மாத்திப் பேசுறேன். பாலைவனத்துக்காக போறதுக்கு ஒரு நாள், வர்றதுக்கு ரெண்டு நாள் வண்டில உக்காரணுமா? வயசானவங்களை வச்சுக்கிட்டு? மராக்கேஷ்ல இருந்து ஒரு மணி நேரத்துல அகஃபாய்னு ஒரு இடம் இருக்கு, அங்கயும் டென்ட்டு, ஒட்டகம், ராத்திரி பாட்டு எல்லாம் உண்டு. மிச்சமாகுற நாள்ல ஃபெஸ்ல ஆற அமர சுத்தலாம். ட்ரெயின் வேற நல்லா இருக்கும், காசாபிளாங்கால இருந்து மராக்கேஷ் மூணு மணி நேரத்துக்குள்ள போயிரலாம். தாஞ்சியர் போகணும்னாலும் 2018ல விட்ட புல்லட் ட்ரெயின் இருக்கு, 320 கிலோமீட்டர் ஸ்பீடு. வேன் எதுக்கு?

மேலூர் பங்காளி:

தம்பி, அகஃபாய் கல்லுப் பொட்டல், மணல் கிடையாது. அதைப் பாக்க எதுக்கு அம்புட்டு தூரம் பறக்கணும், நம்ம மேலூர்ப் பக்கம் பாறைக்குவாரி இல்லாமயா கிடக்கு. மெர்சூகால இருக்குற எர்க் ஷெப்பி மணல்மேடு 150 மீட்டர் வரைக்கும் எந்திரிச்சு நிக்கும், அதுதான் பாலைவனம். ட்ரெயின் நல்ல ட்ரெயின்தான், ஒத்துக்கிறேன், ஆனா மெர்சூகாவுக்கு ட்ரெயின் கிடையாது. அதோட எட்டுப் பேரு ஸ்டேஷன்ல எறங்குனா அங்க சின்ன டாக்சில மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டாய்ங்க, சட்டமே அப்படி. ஒவ்வொரு தடவையும் மூணு டாக்சி பிடிச்சு, மூணு பேருகிட்ட மீட்டர் போடச் சொல்லி மல்லுக்கட்டி, அதுல ஒரு வண்டி எங்கிட்டாச்சும் போயிரும்.

எஸ்எஸ்காலனி அக்கா:

ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்கப்பா. நாங்க பொம்பளைங்களா சேந்து ஒரு குரூப்பா போயிட்டு வந்தோம், அதுனால சொல்றேன், போற இடத்தை விட எட்டுப் பேருக்குள்ள யாரு எதைப் பாத்துக்கிறதுன்னு இங்கயே பேசி முடிச்சிட்டுப் போங்க. பொதுப்பணம்னு ஒரு பர்ஸ் போட்டு ஒருத்தர் கையில குடுத்துருங்க, தண்ணி பாட்டில், டாய்லெட்டுக்கு சில்லறை, டிரைவர் டிப்ஸ், கைவண்டிக்காரருக்கு எல்லாம் அதுல இருந்துதான் போகணும். கைவண்டின்னு ஏன் சொல்றேன்னா, ஃபெஸ்லயும் மராக்கேஷ்லயும் பழைய ஊருக்குள்ள ரியாத்ல தங்க வைப்பாங்க, நடுவுல முற்றம் வச்ச பழைய வீடு, உள்ள போனா வெளிய வரவே மனசு வராது, ஆனா வாசல் வரைக்கும் வண்டி வராது. பெட்டியை கைவண்டில வச்சுத் தள்ளிட்டு வருவாங்க, நீங்க பின்னாடி நடக்கணும். மாடி எல்லாம் செங்குத்தான சின்னச் சின்னப் படி, லிஃப்ட் இருக்காது. முட்டி வலிக்கார அக்காவுக்கு கீழ்வீட்டு ரூம்னு புக் பண்ணும்போதே எழுதி வாங்கிருங்க, அங்க போய்க் கேட்டா கிடைக்காது. மெர்சூகால ஒட்டகத்துல ஏறணும்னு கட்டாயம் இல்ல, அது எந்திரிக்கும்போதும் உக்காரும்போதும் குலுக்குற குலுக்குல இடுப்பு போயிரும், கேம்புக்கு ஜீப்லயே கொண்டு விடுவாங்க. குறட்டை விடுறவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும், தனி ஆளு ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போடுறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க 😄

ராத்திரி குளிரும், மணல்ல வெயில் போன உடனே சட்டுன்னு எறங்கிரும். ஸ்வெட்டர், குல்லா எடுத்துக்கங்க. பாலைவனம்னா சூடுன்னு பருத்திச் சட்டை மட்டும் எடுத்துட்டு வந்துராதீங்க.

சைவம் விஷயம். காய்கறி தஜீன், மண்சட்டில மூடி வேக வைக்கிறது, எல்லா ஊர்லயும் கிடைக்கும், மூணாவது நாள் அதைப் பாத்தாலே கையெடுத்துக் கும்பிடத் தோணும், அது வேற. ஆனா சூப், கூஸ்கூஸ் ரெண்டுலயும் கவனம். ஹரீரான்னு ஒரு சூப்பு, கொண்டக்கடலை, பருப்பு, தக்காளி போட்டது, பாக்க சைவம் மாதிரியே இருக்கும், பல இடத்துல கறி போட்டுத்தான் கொதிக்க வைப்பாங்க. கூஸ்கூஸ் நம்ம கோதுமை ரவை மாதிரி இருக்கும், வெள்ளிக்கிழமை விசேஷம், கறிச்சாறு ஊத்துனதா இருக்கலாம், மேல இருக்குற கறியை மட்டும் எடுத்துட்டு சைவம்னு குடுப்பாங்க. பிஸாரா கேட்டு வாங்குங்க, காஞ்ச மொச்சை மாதிரி ஒரு பயறை வேக வச்சுக் கடைஞ்சு, மேல ஆலிவ் எண்ணெயும் சீரகப்பொடியும் போட்டுத் தருவாங்க, ரொட்டியைப் பிச்சு முக்கிச் சாப்பிட்டா வயிறு நெறைஞ்சிரும். கத்திரிக்கால ஸாலூக்னு ஒண்ணு, அதுவும் நல்லா இருக்கும். காலைல ம்ஸெம்மென்னு ஒரு ரொட்டி, மாவை எண்ணெய் தொட்டு மெல்லிசா விரிச்சு நாலா மடிச்சு கல்லுல போடுறாங்க, எங்க செட்டுல எல்லாரும் பாத்த உடனே வீச்சு பரோட்டான்னு கத்திட்டோம். சால்னாதான் இல்ல, தேன் தர்றாங்க. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் இங்கேருந்தே கட்டிக்கங்க, ரியாத்ல காலைலயே சொல்லி வச்சா ராத்திரிக்கு சோறு வடிச்சுத் தருவாங்க.

ரேஸ்கோர்ஸ் வாக்கர்:

அக்கா, அருமை. குறட்டை மேட்டர்ல எங்க செட்டுல ரெண்டு பேரு ஏற்கனவே முறைச்சுக்கிட்டு இருக்காய்ங்க. விசா, பணம் பத்தியும் யாராச்சும் சொல்லுங்களேன். அப்புறம் பூகம்பம் வந்த ஊராச்சே, இப்ப போகலாம்ல?

ஜித்தா மதுரைக்காரன்:

சார், நான் வேலை விஷயமா அங்க போயிட்டு வர்ற ஆளு. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும், 2022ல இருந்து இ-விசா இருக்கு, அவங்க அரசாங்க சைட்லயே ஒவ்வொருத்தரும் தனித்தனியா போடணும். குரூப்பா போட்டுத் தர்றேன்னு ஏஜென்ட் சொன்னா ஒவ்வொரு ஃபாரத்துலயும் பேரு, பாஸ்போர்ட் நம்பரை நீங்களே ஒரு தடவை சரி பாத்துருங்க. நம்ம ஊரு இனிஷியல் பிரச்சனை உங்களுக்குத் தெரியாததா. மதுரைல இருந்து காசாபிளாங்காவுக்கு நேரா ஃப்ளைட் கிடையாது, துபாய், தோஹா, அபுதாபி மாதிரி ஒரு ஊர்ல மாறித்தான் போகணும்.

திர்ஹாம் இங்க தேடாதீங்க, அந்த ஊரு பணம் ஊருக்குள்ளதான் மாத்துறது. யூரோ இல்லைன்னா டாலர் கொண்டு போய் ஏர்போர்ட்ல கொஞ்சம், டவுன்ல மிச்சம்னு மாத்திக்கங்க. துபாய் திர்ஹாமும் இதுவும் வேற வேற, மொராக்கோ திர்ஹாம் ஒண்ணு நம்ம காசுக்கு பத்து ரூபாயை ஒட்டி வரும், மனசுல பத்தால பெருக்கிக்கிட்டா பேரம் பேச வசதி. மிச்சத்தை கிளம்பும்போது மாத்திருங்க, 2000 திர்ஹாமுக்கு மேல வெளிய கொண்டு போகக் கூடாது. பேக்கேஜா கட்டுனா டிசிஎஸ்னு ஒரு வரி சேத்துப் பிடிப்பாங்க, அது உங்க பான்ல ஏறிரும், ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். ஆனா எட்டுப் பேரு பணத்தையும் ஒருத்தர் பேர்ல கட்டிறாதீங்க, அப்புறம் கணக்கு சிக்கலாயிரும்.

பூகம்பம் 2023 செப்டம்பர் 8ந்தேதி ராத்திரி, 6.8 அளவு. அதிகமா அடி வாங்குனது மராக்கேஷுக்குத் தெக்க இருக்குற மலைக் கிராமங்கதான், பாவம் மண் வீடுக அப்படியே உக்காந்துருச்சு. நீங்க போற ஊருகளுக்கு எல்லாரும் போயிட்டு வந்துக்கிட்டுதான் இருக்காங்க.

பாய்க்கு ஒரு விஷயம். மொராக்கோல முஸ்லிம் அல்லாதவங்க பள்ளிவாசலுக்குள்ள போக முடியாது, பெரும்பாலும் வாசல்ல நின்னு பாக்குறதோட சரி. காசாபிளாங்கால கடலை ஒட்டி 1993ல திறந்த ரெண்டாம் ஹசன் பள்ளிவாசல் மட்டும் டிக்கெட் எடுத்து கைடோட எல்லாரும் போகலாம், தொழுகை நேரம் தவிர. ஃபெஸ்ல கரவிய்யீன் பள்ளிவாசல் 859ல ஃபாத்திமா அல் ஃபிஹ்ரிங்கிற அம்மா கட்டுனதுன்னு சொல்லுவாங்க, உலகத்துலயே இன்னைக்கும் நடக்குற பழைய பல்கலைக்கழகம்னு பேரு. அங்க பாய் மட்டும் உள்ள போய்த் தொழுதுட்டு வரட்டும், மத்தவங்க வாசல்ல நிக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல ஃபெஸ் பழைய ஊர்ல பாதிக்கு மேல கடை அடைச்சிருக்கும், பிளான் போடும்போது கிழமை பாத்துக்கங்க.

டவுன்ஹால்ரோடு தம்பி:

ஃபெஸ்ல தோல் பதனிடுற இடத்தை விட்றாதீங்க, ஷுவாரா. சுத்தி இருக்குற தோல் கடைக மொட்டை மாடில இருந்துதான் பாக்கணும், உள்ள போகும்போது கையில புதினாக் கொத்து குடுப்பாய்ங்க, மூக்குல வச்சுக்கிறதுக்கு. சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டில ஊற வச்சுத்தான் தோலை மெதுவாக்குறாய்ங்க, நாத்தம் அதுல வர்றது. பாத்து முடிச்சதும் பேக் வாங்கச் சொல்லி நச்சரிப்பாய்ங்க, வாங்கலைன்னா மாடி ஏறுனதுக்குக் கொஞ்சம் சில்லறை குடுத்துட்டு எறங்கிருங்க. தெருவுல எவனாச்சும் இந்த வழி அடைச்சிருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்னு வந்தா கண்டுக்காம நடங்க. கழுத்துல பேட்ஜ் போட்ட கைடை ரியாத் மூலமா அரை நாளைக்குப் பிடிங்க, அந்தச் சந்துக்குள்ள கூகுள் மேப்பே முழிக்கும். மராக்கேஷ் ஜமா எல் ஃப்னா மைதானத்துல பாம்பு, குரங்கு பக்கம் போனைத் தூக்குனாலே காசு கேப்பாய்ங்க, மருதாணிக்கார அம்மா கையைப் பிடிச்சு வரைய ஆரம்பிச்சிரும். அக்காமாருக கையைக் கட்டிக்கிட்டு நடக்கட்டும்.

மேலூர் பங்காளி:

தம்பி இப்பத்தான் உருப்படியா பேசிருக்கான். அண்ணே, வேன் பேசும்போதே கம்பளக் கடை, ஆர்கன் எண்ணெய்க் கடைன்னு எங்கயும் நாங்க கேக்காம நிறுத்தக் கூடாதுன்னு எழுத்துல வாங்கிருங்க. ஒரு கம்பளக் கடைல உக்காந்தா புதினா டீயைக் குடுத்து அம்பது கம்பளத்தை விரிச்சுப் போட்ருவாய்ங்க, அரை நாள் காலி.

ரேஸ்கோர்ஸ் வாக்கர்:

இன்னைக்குக் காலைல டீக்கடைல இதை எல்லாம் வாசிச்சுக் காட்டுனேன். பஸ் கட்சி தோத்துருச்சு, தனி வேன்தான். தாஞ்சியர், எசாவிரா ரெண்டும் கட். ஷெஃப்ஷாவெனையும் தூக்கலாமான்னு கேட்டதுக்கு, நீல ஊரு இல்லைன்னா நாங்க வரலைன்னு ரெண்டு பேரு எந்திரிச்சுட்டாய்ங்க, அதுனால அது இருக்கு. காசாபிளாங்கா, ரபாத், ஷெஃப்ஷாவென், ஃபெஸ்ல ரெண்டு ராத்திரி, மெர்சூகா, தாதேஸ், மராக்கேஷ்ல ரெண்டு ராத்திரி. 10 நாளா இழுத்தாச்சு. கடைசியா ஒண்ணு, எங்க செட்டுல ஒருத்தர் மகன்கிட்ட இருந்து டிரோன் வாங்கி வச்சிருக்காரு, மணல்மேட்டுல பறக்க விடணும்னு ஒரே ஆசை. கொண்டு போகலாமா?

ஜித்தா மதுரைக்காரன்:

வேண்டவே வேண்டாம் சார். அனுமதி இல்லாம டிரோன் உள்ள கொண்டு போனா ஏர்போர்ட்லயே பிடுங்கி வச்சுக்குவாங்க, ஒருத்தருக்காக மத்த ஏழு பேரும் கஸ்டம்ஸ்ல நிக்கணும். மகன்கிட்டயே திருப்பிக் குடுத்துறச் சொல்லுங்க.