ஸ்ரீவாரி மெட்டு ஈசியா? யாருக்குய்யா ஈசி?

அலிபிரி_அடியேன்: திருமலைக்கு நடந்து ஏற அலிபிரி, ஸ்ரீவாரி மெட்டுன்னு ரெண்டு படிவழி இருக்கு. நேத்து இங்க ஒரு மேதை எழுதியிருந்தாரு, "வயசான அப்பா அம்மாவோட திருமலை ஏறணும்னா ஸ்ரீவாரி மெட்டுதான் ஈசி, படி கம்மி"ன்னு. சார் ஏறிப் பாத்தீங்களா, இல்ல மேப்ல பாத்தீங்களா? ரெண்டே சொச்சம் கிலோமீட்டர்ல 2388 படி, நெட்டுக்குத்தா போகுது. அலிபிரி 9 கிலோமீட்டர்னாலும் நடுவுல வர்ற காலி கோபுரங்கற கோபுரத்த தாண்டிட்டா பாதி வழி சமதரை, மிளகாப்பொடி போட்ட மாங்கா தின்னுக்கிட்டே ஆற அமர நடக்கலாம்.

கணக்கு_கந்தன்: அந்த மேதை நான்தான். அலிபிரி 3550 படி பெருசா, ஸ்ரீவாரி மெட்டு 2388 பெருசா? ஒண்ணாங்கிளாஸ் கணக்கு.

மடிப்பாக்கம்_மாமி: ஈசின்னா மூச்சுக்கா, முட்டிக்கா, நேரத்துக்கா? மொதல்ல அத சொல்லுங்கப்பா.

அலிபிரி_அடியேன்: பழனில யானைப்பாதை சுத்துதான், ஆனா பெரியவங்க எல்லாம் படிய விட்டுட்டு அதுல ஏன் போறாங்க? யோசிக்கணும் தம்பி.

கணக்கு_கந்தன்: பழனிய இழுக்காதீங்க. 2388. அலிபிரில கடைசில மோகால மெட்டு வருமே, அந்தத் தெலுங்குப் பேர்லயே முட்டி இருக்கு, அத மட்டும் நைசா முழுங்கிட்டீங்க?

அலிபிரி_அடியேன்: அங்க ராமானுஜரே முழங்காலால ஏறினார்னு சொல்லுவாங்க, உனக்கு நடக்கவே வலிக்குதா? படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வச்சு குனிஞ்சு நிமிர்ந்து ஏறுற பாட்டிங்களப் பாத்திருக்கியா, அவங்க யாரும் உன்ன மாதிரி கால்குலேட்டர் தட்டல.

திருத்தணிகாரன்: ரெண்டு பேரும் படிய தெலுங்குல மெட்டு மெட்டுன்னு சொல்லி அடிச்சுக்கறீங்க. தொல்காப்பியப் பாயிரத்துலயே வடவேங்கடம்தான், அதாவது இந்தத் திருமலைதான், தமிழுக்கு எல்லை. 1953ல ஆந்திரா பிரிஞ்சப்ப இதக் கோட்டை விட்டோம், 1960ல திருத்தணியாவது வந்துச்சு.

கணக்கு_கந்தன்: இவரு எந்தத் திரெட்டுக்கும் 1953ஓட வந்துடுவாரு.

திருத்தணிகாரன்: வரலாறு தெரியாதவன் படிதான் எண்ணுவான்.

மடிப்பாக்கம்_மாமி: 1944லயே மலைக்கு ரோடு போட்டாச்சு, பஸ்ல போங்களேன்.

அலிபிரி_அடியேன்: மாமி, பஸ்ல போறவங்களுக்கு இங்க என்ன வேலை? நான் காலேஜ் நாள்லேர்ந்து அலிபிரி ஏறுறவன், எங்கப்பாவும் அதே வழி, யாருக்கும் ஒண்ணும் ஆகல, நேத்து வந்த பையன் ஒருத்தன் ஒரு மணி நேரத்துல ஏறிட்டேன்னு செல்ஃபி போட்டுட்டு ஊர்ல இருக்கற பெரியவங்களுக்கெல்லாம் வழி சொல்றான், அதுலயும் போன வாரம் லட்டு திரெட்ல என்னைய "பூமர்"னு எழுதினவன் இவன்தான், ஸ்கிரீன்ஷாட் வச்சிருக்கேன்.

கணக்கு_கந்தன்: போடுங்க. 2388.

அலிபிரி_அடியேன்: போடறேன், இரு.