காரைக்குடியில் கலோரி குறைந்த சாண்ட்விச் எங்கே கிடைக்கும்?

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கேட்டபடி சாண்ட்விச் போட்டுத் தரும் கடை தெரிந்தால் சொல்லுங்களேன். கலோரி ஏறுவது காயால் இல்லை, தடவுவதால்தான். கொழுப்புக் குறைக்காத மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியே 90 கலோரிக்கு மேல். வெண்ணெய் சுமார் 100. "உள்ளே வெண்ணெய் வேண்டாம்" என்றால் மட்டும் போதாது, கிரில்லில் வைக்கும்போது பிரெட்டின் வெளிப்பக்கம் இரண்டிலும் தேய்த்துவிடுவார்கள். அதையும் விட்டுவிட்டு, புதினாச் சட்னி, வெள்ளரி, தக்காளி கூடுதலாக வைத்துத் தருகிற கடை வேண்டும். சிக்கன் என்றால் பொரிக்காமல் சுட்டது.

இன்னொன்று, பிரவுன் பிரெட் பலதும் மைதாவில் நிறம் சேர்த்ததுதான். உறையில் முதல் பொருளாக முழுக்கோதுமை மாவு இருக்க வேண்டும். கேட்டால் பாக்கெட்டைக் காட்டுகிற கடையா என்பதையும், விலையையும் சேர்த்துப் போடுங்கள்.