புதுப்பிப்பு: தெருவோரம் கிடைத்த இழுப்பறை மேசை இப்போது

யாரோ வெளியே போட்டிருந்த இழுப்பறை மேசையை எடுத்து வந்ததையும், பாலிஷா பெயிண்ட்டா என்று குழம்பியதையும் முன்பு எழுதியிருந்தேன். பெயிண்ட்தான் அடித்தேன். மேல்பலகையில் வெனீர் (மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மர ஏடு) பல இடங்களில் பெயர்ந்திருந்தது. பட்டி வைத்து நிரப்பிய இடங்களைப் பாலிஷ் காட்டிக்கொடுத்துவிடும்.

அதிக நேரம் எடுத்தது தேய்ப்புதான். முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன், அப்புறம் 120 எண் உப்புத்தாள், முடிவில் அதைவிட நைசான 220. வெனீர் மெல்லியது என்பதால் கையாலேயே, மர ரேகை ஓடும் திசையில் தேய்த்தேன். (உங்கள் சாமானில் மிகப் பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் தேய்க்காதீர்கள்.) ஷெல்லாக் பிரைமர் (அரக்கால் ஆன அடிப்பூச்சு) அடிக்கச் சொன்னவர்களுக்கு மிகவும் நன்றி. பழைய மரச்சாயம் வெள்ளைப் பெயிண்ட்டில் மஞ்சளாகக் கசியவே இல்லை.

உடல் முழுக்கக் கரும்பச்சை, இழுப்பறை முகப்புகள் மட்டும் வெள்ளை. அவற்றின்மேல் பூக்கொடி அச்சிட்ட காகிதம் ஒட்டி, நீர் சார்ந்த வார்னிஷ் பூசினேன். எண்ணெய் வார்னிஷ் நாளாக ஆக மஞ்சளாகும், வெள்ளைக்கு ஆகாது. பழைய பித்தளைக் குமிழ்களை மாற்றவில்லை. அந்த அழகு புதியதில் வராது.

இழுப்பறை இறுக்கமாக ஓடுகிறது என்று கேட்டவருக்கு: உரசும் கட்டைகளில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், போதும்.

பெயிண்ட் தொட்டால் காய்ந்ததுபோல இருந்தாலும் முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மேசைமேல் கனமாக எதையும் வைக்கப்போவதில்லை.