மதினிக்குப் புற்று, வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளைக்கும் பரவுமா?

தங்கச்சிமடத்தான்:
மதினிக்கு மார்பில் கட்டி. பால் கட்டிதான் என்று இரண்டு மாதம் விட்டுவிட்டோம். மதுரையில் சதை எடுத்துப் பார்த்ததில் புற்று. கீமோ ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே ரத்தம்தானே, நோய் உள்ளே போய்விடும், கலைத்துவிடு என்கிறார் அம்மா. அண்ணன் பத்து நாளாகக் கடலுக்குப் போகவில்லை. மதினி ராத்திரியெல்லாம் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை நர்ஸ்:
தம்பி, ஒரே ரத்தம் என்பதே தப்பு. நச்சுக்கொடியில் இரண்டு ரத்தமும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடும், கலக்காது. தப்பித் தவறி புற்று செல் தாண்டினாலும், இது நம்முடையது இல்லை என்று பிள்ளையின் உடம்பே பெரும்பாலும் அழித்துவிடும். 1866இலேயே இப்படிப் பரவியதாக ஒரு கேஸ் எழுதப்பட்டது, அதற்கப்புறமும் உலகம் முழுக்க மிகக் கொஞ்சம்தான், அதிலும் தோலில் வரும் மெலனோமாவும் ரத்தப் புற்றும்தான் அதிகம். புற்று உள்ள 5 லட்சம் தாய்மாரில் ஒருவருக்கு என்பது 2021இல் ஜப்பான் டாக்டர்கள் சொன்ன கணக்கு. 2009இல் புற்று பரவிய ஒரு ஜப்பான் குழந்தையைப் பற்றி ஆய்வு வந்தது, தாயின் ரத்தப் புற்று செல் தன் அடையாளத்தைக் காட்டும் மரபணுப் பகுதியையே இழந்திருந்தது, அதனால்தான் பிள்ளையின் உடம்புக்குப் பிடிபடவில்லை. அப்படி ஒரு கோளாறு சேர்ந்ததால்தான் அந்தப் பிள்ளைக்குப் பரவியது.

மண்டபம் அக்கா:
எனக்கும் இதே நோய்தான். பெரியவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு மாதம் தள்ளிப்போட்டேன், இலந்தைப்பழம் அளவு இருந்த கட்டி எலுமிச்சை அளவாகிவிட்டது. ஆறாம் மாதம் கீமோ. என் தலை மொட்டை, பிறந்த மகனுக்கோ நெற்றியில் விழுகிற அளவு கருகருவென்று முடி! என் மாமியார் அதைத் தடவித் தடவி அழுதார். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான். மதினியிடம் இதைச் சொல்லுங்கள், கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கீழக்கரை நர்ஸ்:
இன்னொன்று. முதல் மூன்று மாதம்தான் கீமோவுக்கு ஆபத்தான காலம், அது தாண்டிவிட்டது. கடைசி கீமோவுக்கும் பிரசவத்துக்கும் மூன்று வாரம் இடைவெளி விடுவார்கள். பிரசவமானதும், புற்று செல் இருக்கிறதா என்று பார்க்க நச்சுக்கொடியை லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கீமோ நடக்கும்போது தாய்ப்பால் வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

தங்கச்சிமடத்தான்:
அக்கா எழுதியதை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். முடி விஷயத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். காலை பஸ்ஸில் மதுரை போகிறோம், அம்மாவும் வருகிறார்.