கார்டிஃப் கோல் எக்ஸ்சேஞ்ச்: இவ்ளோ பெரிய கட்டடத்த ஏன் இப்படி இடுக்குல கட்டி வச்சிருக்காங்க?

பே_பக்கத்து_வாசி:
ஞாயித்துக்கிழமை வேல்ஸ் தலைநகர் கார்டிஃப்ல, பே (விரிகுடா) பக்கம் சும்மா நடந்துட்டு அப்படியே மவுன்ட் ஸ்டூவர்ட் ஸ்கொயருக்குள்ள போயிட்டேன். பழைய கோல் எக்ஸ்சேஞ்ச், அதாவது நிலக்கரி யாவாரம் பேசி முடிச்ச கட்டடம், இப்ப ஹோட்டல். அந்த கல் வேலைப்பாட்ட பாத்துட்டு போட்டோ எடுக்கலாம்னு பின்னாடி போறேன் போறேன், முதுகு எதிர் கட்டடத்து செவுத்துல இடிக்குது, அப்பவும் பாதி கூரை ஃபிரேம்ல வரல. இவ்ளோ காசு கொட்டி கட்டினவன் கொஞ்சம் எட்ட நின்னு பாக்க எடம் விட மாட்டானா?

கல்லும்_சுண்ணாம்பும்:
விட மாட்டான், ஏன்னா அது கட்டடத்துக்குன்னு இருந்த எடமே இல்ல. சுத்தி குடியிருப்பு வீடுங்க, நடுவுல தோட்டம், அதான் அந்த ஸ்கொயர். துறைமுகம் பக்கத்துலயே இருக்கறதால நிலக்கரி கம்பெனி ஆபீஸுங்க ஒவ்வொண்ணா உள்ள வர ஆரம்பிச்சுது, ஆனா யாவாரிங்க கூடி பேச ஒரு எடம் கெடையாது. ஆபீஸ் வாசல்ல சிலேட்டு தொங்கவிட்டு அதுல சாக்பீஸால வெல எழுதி வைப்பாங்க, மத்தபடி பேரம் எல்லாம் தெருவுலயும் பப்லயும்தான். கடைசில தோட்டத்து மேலயே கட்டிட்டாங்க. ஆர்க்கிடெக்ட் எட்வின் சீவர்ட், 1880கள்ல கட்டுனது, 1886ல ஹால் திறந்தாச்சு. ஊருக்கு நடுவுல ஹேஸ்ங்கற தெருவுல இருக்கற பழைய லைப்ரரி கட்டடம் பாத்திருக்கீங்களா, அதுலயும் இவர் கை இருக்கு. வெளிய பிரெஞ்சு ரெனைசான்ஸ் ஸ்டைல், அரண்மனை மாதிரி. அரண்மனைக்கு முன்னாடி இருக்க வேண்டிய மைதானத்ததான் அரண்மனையே முழுங்கிடுச்சு.

நிலக்கரி_நேசன்:
நண்பா, வெளிய நின்னு புலம்பாம உள்ள போங்க. அசல் ஐட்டம் டிரேடிங் ஹால்தான். 1911 வாக்குல அதே சீவர்ட்டே அத மாத்திக் கட்டினாரு, கொரிந்தியன் தூண் (உச்சில இலை வேலைப்பாடு இருக்கும்), சுத்தி பால்கனி, எங்க பாத்தாலும் மரவேலை. மேல பால்கனில நின்னு குனிஞ்சு பாருங்க, கீழ கோட்டு தொப்பியோட யாவாரிங்க கத்திக்கிட்டு நின்னது அப்படியே கண்ணுல ஓடும். அந்த நேரம் ஊர் உச்சத்துல இருந்துச்சு, சவுத் வேல்ஸ் நீராவிக் கரி (நீராவி இன்ஜினுக்கு எரிக்கற நிலக்கரி) பொகை கம்மி, சூடு ஜாஸ்தி, அதனால பிரிட்டிஷ் கடற்படையே அதத்தான் கேட்டு வாங்குச்சு, 1913ல கார்டிஃப்ல இருந்து மட்டும் 1 கோடி டன்னுக்கு மேல கப்பல் ஏறியிருக்கு. அப்புறம் கப்பலுங்க எண்ணெய்க்கு மாறுச்சு, 1958ல எக்ஸ்சேஞ்சே மூடியாச்சு.

பே_பக்கத்து_வாசி:
உலகத்துலயே மொத மில்லியன் பவுண்டு செக் அங்கதான் எழுதினாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே, உண்மையா?

கல்லும்_சுண்ணாம்பும்:
அந்த கதைய கேட்டா எனக்கு சிரிப்புதான் வருது. ஒருத்தர் 1901ங்கறாங்க, இன்னொருத்தர் 1904, இன்னொருத்தர் 1907. ஒரு மில்லியன் பவுண்டு செக்குக்கு தேதி கூட ஒழுங்கா நிக்கலன்னா என்னத்த நம்புறது. இதவிட நல்ல கதை 1979ல இருக்கு. வேல்ஸுக்கு தனி அசெம்ப்ளி (சட்டசபை மாதிரி) வந்தா இங்கதான் உக்காரணும்னு எல்லாம் ரெடி பண்ணாங்க, மார்ச் 1 ஓட்டெடுப்புல ஜனங்க வேணாம்னு சொல்லிட்டாங்க. 1997ல மறுபடி கேட்டப்ப சரின்னாங்க, ஆனா அசெம்ப்ளி இங்க வரல, தண்ணி ஓரமா வேற எடத்துக்கு போயிடுச்சு.

நிலக்கரி_நேசன்:
போட்டோ வேணும்னா ஸ்கொயர் மூலைல நின்னு சாய்வா எடுங்க, ரெண்டு பக்கமும் சேந்து வரும். நேரா நின்னு முழுசா எடுக்கணும்னா எதிர் கட்டடத்து மாடிலதான் எவனையாவது பிடிக்கணும்.

பே_பக்கத்து_வாசி:
மூலைல நிக்கறேன் ப்ரோ. காபி குடிக்கிற சாக்குல ஹாலையும் எட்டிப் பாத்துட்டு வரேன்.