மறு: 'வெதரிங்' – தமிழில் 'புழக்கமேற்றல்' என்று வைக்கலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி ரயில் கட்டுவோருக்கான சொற்பட்டியலில் இரண்டு சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. மூன்றாவதான வெதரிங்தான், அதாவது மாதிரி வண்டியை ஓடித் தேய்ந்த நிஜ வண்டி போலத் தோன்றச் செய்யும் வேலைதான், இழுத்துக்கொண்டிருக்கிறது. முடிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஃபைன்ஸ்கேலுக்கு, அதாவது நிஜத்தின் அளவுகளைப் பிசகாமல் மாதிரியில் கொண்டுவரும் முறைக்கு, 'நுண்ணளவு' வேண்டாம். கேட்கிறவர் ஏதோ குட்டி ரயில் என்று நினைத்துக்கொள்வார். ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில், அதாவது 1:76.2 விகிதத்தில், கடையில் வாங்கும் தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. இதைப் பெருக்கினால் 1257 மி.மீ. வரும். பிரிட்டனின் நிஜப் பாதையோ 1435 மி.மீ. அப்படியென்றால் மாதிரியில் 18.83 மி.மீ. இருந்தாக வேண்டும். 1960களில் அங்கே புரோட்டோஃபோர் என்று கிளம்பியவர்கள் பிடித்த பிடி இதுதான்; சக்கரத்தின் விளிம்பும் அதே கணக்கில் மெலிய வேண்டும் என்றார்கள். நம் அகலப்பாதை 1676 மி.மீ., அதே விகிதத்தில் 22 மி.மீ. எதிலும் வண்டி சிறிதாகவில்லை, கணக்குதான் நேராகிறது. ஆகவே 'துல்லிய அளவு'. இதற்கு மறுப்பு எதுவும் வரவில்லை.

டீடெயிலிங்குக்கு 'நகாசு வேலை'. சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை நடத்தும் அண்ணன் எடுத்துக் கொடுத்த சொல். கைப்பிடிக் கம்பி, ரிவெட் வரிசை, பிரேக் குழாய் என்று ஒவ்வொன்றாக ஒட்டிச் சேர்க்கிற வேலைக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்காது. சேலத்துக்காரர்களுக்கு விளக்கமும் தேவையில்லை.

இனி வெதரிங்.

> 'வானிலைப்படுத்தல்' என்றே போட்டுவிடலாமே. அகராதியைப் பார்த்தாலும் புரியும்.

புரியாது ஐயா. பள்ளிப் பாடநூலில் 'வானிலைச் சிதைவு' என்பது பாறைக்கு நடப்பது. நாம் கட்டப்போவது லோக்கூர், டேனிஷ்பேட்டை பக்கம் சேர்வராயன் அடிவாரத்தில் போகிற பாதை. மாதிரியில் வண்டிக்குப் பின்னாலேயே சார்னோக்கைட் பாறை நிற்கும். அது வெயிலிலும் மழையிலும் ஓடு ஓடாக உரிந்து உருண்டையாகிக் கிடப்பதையும் நாம்தான் செய்து காட்ட வேண்டும். செய்முறைக் குறிப்பில் ஒரு பத்தியில் பாறைக்கும் அடுத்த பத்தியில் வேகனுக்கும் ஒரே சொல் வந்தால் படிக்கிறவர் திண்டாடிப் போவார்.

அதைவிடப் பெரிய சிக்கல், வண்டியின் மேல் இருப்பதில் பாதிக்குமேல் வானிலைக்குச் சம்பந்தமே இல்லாதது. பிரேக் கட்டையும் சக்கரமும் உரசி விழும் இரும்புத் தூள் துருப்பிடித்து, சக்கரங்களைத் தாங்கும் போகிச் சட்டத்திலும் வண்டியின் அடிச்சட்டத்திலும் பழுப்பாக அப்பிக்கொள்கிறது. வண்டி பிரேக் போடும் இடம் என்பதால் நிலையத்தை நெருங்க நெருங்க ஜல்லியும் அந்த நிறத்துக்கு வருகிறது. எஞ்சின் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை. பெட்டியின் ஜன்னலுக்குக் கீழே வெற்றிலைச் சாறு ஒழுகிய கோடு. இதையெல்லாம் எந்த வானிலைக் கணக்கில் எழுதுவது?

> 'பழமையூட்டல்' நன்றாக இருக்கிறதே.

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஏற்காட்டு அம்மா. ஆனால் புதிதாக வந்த வேகன்கூட நாலு தடவை கரி ஏற்றினால் போதும், அடையாளம் தெரியாமல் போய்விடும். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்குக் கரி கொண்டுபோகும் திறந்த வேகனைப் பாருங்கள். மேல் விளிம்பில் கறுப்புத் தூள், வெளிப்பக்கத்தில் தூசியும் துருவும் கலந்த ஒரு நிறம், உள்ளே கரி உராய்ந்து பெயிண்ட் போய் வெறும் இரும்பு. அதற்கு வயது ஆகிவிட்டது என்று சொல்ல முடியாது. 'பழமையூட்டல்' என்றால் எனக்குக் காரைக்குடி கதவுதான் கண்ணில் வருகிறது.

> அப்படியானால் 'அழுக்கேற்றல்'. நேரடியாக இருக்கிறது.

நானும் முதலில் இதன் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் தண்டவாளத்தைக் கவனியுங்கள். பக்கவாட்டில் துருப்பழுப்பு, உச்சியில் கண்ணாடி மாதிரி பளபளப்பு. சக்கரம் ஓடுவதால் வந்த பளபளப்பு அது. கதவோரக் கைப்பிடியில் கை பட்டுப் பட்டுப் பெயிண்ட் போன இடம், கால் வைத்துத் தேய்ந்த படி, கூரையில் வெளுத்த நிறம், எதுவும் அழுக்கு இல்லை. மாதிரியில் இவற்றையும் சேர்த்துத்தான் செய்கிறோம். மெல்லிய பழுப்பு பெயிண்டை நன்றாக நீர்க்கவிட்டுப் பூசி, காய்வதற்குள் துணியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைக்கிறோம். குறுக்கே துடைத்தால் கெட்டது, மழைநீர் குறுக்கே வழியாது. இடுக்கில் நிறம் நிற்கும், மேட்டில் போய்விடும். கொலுசுக்கு ஆக்சிடைஸ் போட்டுக் கறுக்கவைத்து மேட்டை மட்டும் மெருகு பிடிப்பது போலத்தான். இதில் ஏற்றுவது பாதி, எடுப்பது பாதி.

ஆக, அழுக்கு, தேய்வு, பளபளப்பு, வெளுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அந்தப் பொருள் புழங்கியிருக்கிறது. 'புழங்கின பாத்திரம்' என்று வீட்டில் சொல்கிறோமே, அதே சொல். 'புழக்கமேற்றல்' என்று முன்மொழிகிறேன். சாயமேற்றல் இருக்கிறது, மெருகேற்றல் இருக்கிறது. மெருகேற்றலுக்கு நேர் எதிர்வேலை என்பதால் பக்கத்தில் வைத்தாலே பொருள் விளங்கிவிடும். 'புழக்கமேற்றிய வேகன்', 'இந்தப் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் புழக்கம் ஏற்று' என்று வினையாகவும் வளைகிறது. பட்டறையில் பேசும்போது நாக்கில் நிற்காத சொல்லைப் பட்டியலில் வைத்து என்ன பயன்?

> புழக்கம் என்றால் பணப்புழக்கம்தான் நினைவுக்கு வரும்.

வரட்டுமே. ரயில் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது யாருக்கும் ரிசர்வ் வங்கி நினைவுக்கு வராது.

இதைவிடக் கனமான ஒரு மறுப்பு சூரமங்கலத்து நண்பரிடமிருந்து வந்தது. ஓரத்தில் கைவிடப்பட்டு, உச்சிவரை துருவேறிப் புல் முளைத்த சைடிங்குக்கு (பக்கத் தண்டவாளத்துக்கு) புழக்கமே கிடையாதே, அதற்கு எப்படிப் புழக்கமேற்றுவது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் பதில்: புழக்கம் எவ்வளவு என்பதைத்தான் நாம் தீட்டுகிறோம், அது சுழியாகவும் இருக்கலாம். உச்சி பளபளத்தால் வண்டி ஓடுகிறது, உச்சியும் துருவானால் புழக்கம் விட்டுப்போயிற்று. பார்ப்பவர் அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் படிக்கிறார். ஆனாலும் சொல் இங்கே கொஞ்சம் இழுபடுகிறது என்பதை மறுக்கவில்லை. இந்த ஓர் இடத்துக்கு மட்டும் 'துருவேற்றல்' என்று எழுதிக்கொள்ளலாம், அது தனி வேலையாகவும் இருக்கிறது.

சேலம்–விருத்தாசலம் பாதை மீட்டர்கேஜாக இருந்த காலத்தை மாதிரியாகச் செய்கிறவர்கள் நம் குழுவில் உண்டு. நீராவி எஞ்சினின் கரிப்புகை, கொதிநீர் வடிந்து வெளுத்த தடம் ஆகியவை இந்தச் சொல்லுக்குள் சரியாக அடங்குகின்றனவா என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. அப்புறம் மேக்னசைட் ஜங்ஷன் நிலையத்தைச் செய்கிறவர், அங்கே படியும் வெள்ளைக்கல் (மேக்னசைட்) தூளைப் 'புழக்கம்' என்பாரா, வெறும் 'தூசி' என்பாரா?

வேறு சொல் வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

பாலாஸ்ட்டுக்குத் தயவுசெய்து யாரும் புதுச்சொல் காய்ச்ச வேண்டாம், 'ஜல்லி' போதும். நிஜத்தில் 65 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை இருக்கும் கல், ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் 0.85-லிருந்து 0.26 மி.மீ. வரை வரும். கிரஷர் தூளை இரண்டு சல்லடையில் சலித்தால் நம் ஊர்க் கல்லின் நிறத்திலேயே கிடைத்துவிடும். வேண்டியவர்கள் சொல்லுங்கள், ஒரு பை எடுத்து வைக்கிறேன்.