வாட்ச்மேன் சங்கீதம்

கர்த்தரின் காவலைச் சிறகுகளாகவும் கேடகமாகவும் பாடும், வேதாகமத்தின் 91-ஆம் சங்கீதம் தங்களுக்கு நெருக்கமானது என்று பலர் இங்கே பகிர்ந்துகொண்டதைப் படித்தேன். எனக்கு நெருக்கமானது 121-ஆம் சங்கீதம். அதற்குக் காரணம், கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினான்கு ஆண்டுகள் நைட் வாட்ச்மேனாக இருந்த என் அப்பா.

எட்டே வசனங்கள் உள்ள அந்தச் சங்கீதத்தில் 'காத்தல்' என்று பொருள்படும் எபிரெயச் சொல் ஆறு முறை வருகிறது என்று எங்கள் ஆயர் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார். அப்பாவுக்கு அந்தக் கணக்குத் தேவைப்படவில்லை. "இது வாட்ச்மேன் சங்கீதம்டா" என்பார். கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார் என்ற கடைசி வசனத்தைக் கேட்டால், வாசல் கேட்டருகே நூலில் கட்டிய பேனாவோடு கிடக்கும் வருகைப் பதிவு நோட்டுதான் அவர் நினைவுக்கு வரும்.

நான்காம் வசனம்தான் அவரை உறுத்தியது: "உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை." ஒன்றையே ஏன் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்று நான் கேட்டபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்து நடித்தே காட்டினார். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் முதுகு நேராகத்தான் இருக்கும், கையில் தடி இருக்கும், கண்கூடப் பாதி திறந்திருக்கும். தலை மட்டும் மெல்லத் தொங்கி, மோவாய் மார்பில் இடித்ததும் திடுக்கிட்டு நிமிரும். அது தூக்கம், உறக்கம் வேறு என்றார். தூங்குதலுக்குப் பழந்தமிழில் தொங்குதல் என்ற பொருள் உண்டு என்று பின்னாளில் படித்தபோது, அந்தத் தலைதான் என் கண்முன் வந்தது. இரவிலே நிலவும் உன்னைச் சேதப்படுத்துவதில்லை என்ற ஆறாம் வசனத்தில் மட்டும் அவருக்குச் சங்கீதக்காரரோடு உடன்பாடில்லை. பௌர்ணமி இரவில் டார்ச் வேண்டியதில்லை, அதில் என்ன சேதம் என்பார்.

2015 டிசம்பர் 1 அன்று இரவு அடையாற்றில் வெள்ளம் ஏறியபோது, அவர் தரைத்தளத்து வீடுகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எல்லாரையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அதே வேளையில் சைதாப்பேட்டையில், ஆற்றோரத்து எங்கள் வீட்டில், அம்மாவும் தங்கையும் நானும் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு மீன்கார அக்காதான் கதவை உடைக்காத குறையாகத் தட்டி எழுப்பி, எங்களைப் பள்ளிக்கூட மாடிக்கு இழுத்துச் சென்றார். வீட்டில் ஒரு பொருளும் மிஞ்சவில்லை; எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பார் என்ற வசனத்தை அதன்பின் என்னால் வேகமாக வாசித்துக் கடக்க முடிந்ததில்லை.

செல்போன் வேலை செய்யாததால் எங்கள் நிலை தெரியாமல் தவித்த அப்பா, தண்ணீர் வடிந்த பிறகு நடந்தே வந்து சேர்ந்தார். நாங்கள் எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று கேட்டு, அந்நேரம் தாம் யார் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு அக்காவிடம் போய், கைகூப்பியபடி, அன்றிரவு நீங்கள் தூங்கவே இல்லையா என்று கேட்டார்.

"கரண்ட் இல்ல, கொசு வேற. எங்கண்ணா தூங்குறது?" என்றார் அவர்.